அப்ரூவலுக்குப் பின்னால் இருக்கும் வரைபடம்: ஒரு நகரம் தன் அடுத்த இருபது ஆண்டுகளை எப்படித் திட்டமிடுகிறது?

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் இடம் வாங்கப் போனாலும் முதல் கேள்வி, "அப்ரூவல் இருக்கா?" என்பதுதான். ஒத்தக்கடையிலும் அதே கேள்வி, திருமங்கலத்திலும் அதே கேள்வி. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்த பிறகு, அதுவரை அதைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

சரி, அந்த அப்ரூவலை எதை வைத்துக் கொடுக்கிறார்கள்? இந்த நிலத்தில் வீடு கட்டலாம், அடுத்த நிலத்தில் கூடாது, இங்கே ஒரு நாள் அகல ரோடு வரும் என்றெல்லாம் யார், எப்போது முடிவு செய்தார்கள்? அந்த முடிவுகள் எல்லாம் ஓர் ஆவணத்தில் இருக்கின்றன. அரசுத் தமிழில் அதற்கு முழுமைத் திட்டம் என்று பெயர். எல்லோரும் மாஸ்டர் பிளான் என்றே சொல்கிறோம். ஊர் அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் எந்தத் திசையில் வளர வேண்டும், எந்தப் பகுதியைச் சீரமைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை வரைபடத்தோடு சொல்லும் ஆவணம் அது. அதைத் தயாரிக்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், நம் தெருவில் நடக்கும் பல விஷயங்களுக்குக் காரணம் புரியும்.

கோட்டையை இடித்த ஊர்

மதுரைக்கு நகரத் திட்டம் புதிதில்லை. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றை ஒன்று சூழ்ந்து விரியும் வீதிகள், 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்த ஒழுங்குக்கு வந்ததாகச் சொல்வார்கள். சித்திரைத் திருவிழாவில் தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வர வேண்டும். தேர் திரும்ப மூலையில் இடம் வேண்டும், வடம் பிடிக்கிற கூட்டத்துக்கும் இடம் வேண்டும். வீதியின் அகலத்தைத் தீர்மானித்தது அந்தத் தேவைதான். ஊர் எதற்காக இருக்கிறது என்று முதலில் தெளிவாக இருந்ததால் பிறகு கோடு போடுவது எளிதாக இருந்தது.

ஆனால் புதுப்பித்தல் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த உதாரணம் அதற்கு முந்நூறு ஆண்டு பிந்தியது. 1840-களில் இங்கே கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். ஊரை அப்போது கோட்டைச் சுவரும் அகழியும் இறுக்கிப் பிடித்திருந்தன. உள்ளே நெரிசல், அகழியில் தேங்கிய நீர், நோய். சுவரை இடிக்கப் போதிய பணம் இல்லை. அதனால், தங்கள் பங்குச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஊர் மக்களே சுவரை இடித்தார்கள். இன்றைய வெளி வீதிகள் அப்படி வந்தவை. அந்த வேலையில் நில அளவையாளராக இருந்தவர் மாரட், மேஸ்திரியாக இருந்தவர் பெருமாள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. கலெக்டரின் நினைவாக வைத்த விளக்குக் கம்பம்தான், இன்று துணி எடுக்கப் போகிறவர்கள் அடையாளம் சொல்லும் விளக்குத்தூண்.

இன்றைய திட்டங்களில் வரும் பெரிய கேள்விகள் அத்தனையும் இந்தக் கதையில் இருக்கின்றன. ஊர் வளர இடம் எங்கே? அதற்கான செலவை யார் ஏற்பது? புதிதாக மதிப்புக் கூடுகிற நிலம் யார் கைக்குப் போகிறது?

எல்லையும் எண்ணிக்கையும்

இப்போது இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 1920-ல் வந்த மதராஸ் நகரத் திட்டச் சட்டத்தின் இடத்தில், 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி., மாநில அளவில் பொறுப்பு. ஊர் அளவில் உள்ளூர் திட்டக் குழுமம் திட்டத்தைத் தயாரிக்கிறது.

முதல் வேலை எல்லை வகுப்பது. மாநகராட்சி எல்லையோடு திட்டம் நிற்பதில்லை. இன்று வயலாக இருக்கும் பக்கத்து ஊராட்சி பத்து வருடத்தில் நகரமாகிவிடும் என்பதால் அதையும் சேர்த்துத்தான் கோடு போடுவார்கள். திருப்பரங்குன்றமும் அவனியாபுரமும் ஆனையூரும் தனி நகராட்சிகளாக இருந்து பிறகு மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தவை. மாநகராட்சி அப்போது 72 வார்டுகளில் இருந்து 100 வார்டாகவும், ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தது. ஊர் முதலில் வளர்ந்துவிட்டது, எல்லை பின்னால் வந்தது. திட்டம் அதற்கு முன்னாலேயே போக வேண்டும்.

அடுத்தது எத்தனை பேருக்கு என்ற கணக்கு. இது சலிப்பான வேலை போலத் தெரியும், ஆனால் மொத்தத் திட்டமும் இதன் மேல்தான் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பில் மதுரையும் அதை ஒட்டிய நகர்ப்பகுதிகளும் சேர்ந்து 14.65 லட்சம் பேர். ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் கூடினால் இருபது ஆண்டில் அது 19.7 லட்சம் ஆகும். இரண்டரை சதவீதம் கூடினால் 24 லட்சம். ஒரே ஒரு சதவீத வித்தியாசம், 4.3 லட்சம் பேர். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. அந்த 4.3 லட்சம் பேருக்கு மட்டும் தினமும் 5.8 கோடி லிட்டர் கூடுதலாக வேண்டும். குழாயின் விட்டம், சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு, நீரேற்றும் மோட்டாரின் திறன் எல்லாமே இந்தக் கணக்கைப் பொறுத்தவை. முல்லைப் பெரியாற்று நீரை லோயர் கேம்ப்பில் இருந்து குழாய் வழியாக மதுரைக்குக் கொண்டுவர ஏன் இவ்வளவு பெரிய திட்டம் போட்டார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். வைகையை மட்டும் நம்பி இத்தனை பேருக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

எண்ணிக்கை பழையதாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மதுரை பார்த்துவிட்டது. திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட மெட்ரோ ரயில் முன்மொழிவை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியபோது, சொன்ன காரணங்களில் ஒன்று மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்பது. கையில் இருந்தது 2011-ன் கணக்கு. பதினான்கு வருடத்துக்கு முந்திய ஆள் கணக்கை வைத்து அடுத்த முப்பது வருடத்து ரயிலை முடிவு செய்வது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

வரைபடத்தில் நீலக் கோடு

எண்ணிக்கைக்குப் பிறகு நிலம். ஒவ்வொரு சர்வே எண்ணிலும் இப்போது என்ன இருக்கிறது என்று ஆய்வு செய்து முதல் வரைபடம் போடுவார்கள். அப்புறம், இனி என்ன இருக்கலாம் என்று இரண்டாவது வரைபடம். நாம் பார்க்கும் வண்ணமயமான படம் அந்த இரண்டாவதுதான். பொதுவாக மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, சிவப்பு பள்ளி, மருத்துவமனை போன்ற பொது நிறுவனங்கள், பச்சை விவசாயமும் திறந்தவெளியும். நிலத்தின் மேல் பூசிய இந்த வண்ணத்துக்கு நில உபயோக வகைப்பாடு என்று பெயர். உங்கள் மனை மஞ்சளில் விழுந்தால் வீட்டு வரைபட அனுமதி எளிது. பச்சையில் விழுந்தால், பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் எளிதில்லை.

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அதைத் தளப்பரப்பு குறியீடு என்பார்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. எல்லாத் தளங்களையும் சேர்த்து 4,356 சதுர அடி வரை கட்டலாம். நான்கு பக்கமும் விட வேண்டிய இடம், உயரம் போன்றவற்றுக்குத் தனி விதிகள். இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், ரோடுகள் போக மீதியில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கென்று உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் நகரில் முள்வேலி போட்டுச் சும்மா கிடக்கிற "பார்க் இடம்" அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அது எல்லோருக்கும் சொந்தமான இடம்.

இந்த வரைபடத்தில் நான் முதலில் தேடுவது வண்ணங்களை அல்ல, தண்ணீரை. மதுரை கண்மாய்களின், அதாவது ஏரிகளின் ஊர். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அதாவது உபரி நீர் வழிந்தால், அந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது, கடைசியில் ஆறு. மேடு எது, பள்ளம் எது என்று அளந்து பார்த்து நம் முன்னோர் அமைத்த ஏற்பாடு அது. கண்மாயைப் படத்தில் குறிப்பது சுலபம், பெரிதாகத் தெரியும். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் ஒல்லியான ஒரு கோடு. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். ஆய்வுக்கு வருகிறவர் கோடையில் வந்தால் அதைப் பாதை என்றே நினைத்துவிடக்கூடும். கிராம வரைபடத்தில் ஓடை என்று இருப்பது, வண்ணப் படத்தில் மஞ்சளுக்குள் மறைந்துபோகும் ஆபத்து அங்கேதான்.

அப்படிப் போனதன் விலையைச் செல்லூரில் பார்க்கலாம். செல்லூர்க் கண்மாய் நிறைந்தால் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். 2024 அக்டோபர் பெருமழையில் அந்தத் தண்ணீர் தெருக்களிலும் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. வாய்க்காலில் நீர் போக இடம் போதவில்லை என்றால் அது வீட்டு வாசலைத்தான் தேடி வரும். தெற்கே கிருதுமால் நதி இன்னும் சோகம். பாசனத்துக்குப் போன ஆறு நகருக்குள் சாக்கடையாக ஓடுகிறது. பொன்மேனி, பைபாஸ் ரோடு பக்கம் எல்லாம் ஒரு காலத்தில் மாடக்குளம் கண்மாயை நம்பிய வயல்கள். உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் நிற்கிறது. ஆக, கண்மாயில் கட்டுவது தனியார் மட்டும் செய்த காரியம் இல்லை.

ஆகவே மதுரைக்கு ஒரு திட்டம் என்றால், எங்கே கட்டலாம் என்பதற்கு முன் எங்கே கட்டவே கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். கண்மாய், அதன் நீர்ப்பிடிப்பு, வரத்துக்கால்வாய், மறுகால் ஓடை, வைகைக் கரை. இவற்றை முதலில் வரைந்துவிட்டு மிச்சத்தில் நகரத்தை வரையலாம். என் பார்வையில் நல்ல திட்டத்துக்கும் மோசமான திட்டத்துக்கும் இருக்கும் பெரிய வேறுபாடு இந்த வரிசையில்தான் இருக்கிறது.

பழைய ஊரைப் புதுப்பிப்பது

வெளியே விரிவது ஒரு பக்கம். ஏற்கெனவே நெரிந்து கிடக்கும் நடு ஊரை என்ன செய்வது? கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று 1997-ல் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கோபுரத்தை மறைக்கக் கூடாது என்பது நோக்கம். ஆனால் கடைத்தெருவில் ஒவ்வொரு சதுர அடியும் காசு. எனவே அந்த விதியைக் காப்பது தினசரிப் போராட்டமாகவே இருக்கிறது. நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு.

நெரிசலைக் குறைக்கப் பெரும்பாலும் எடுக்கும் வழி, கூட்டத்தை இழுக்கிற ஒன்றை வெளியே கொண்டுபோவது. வெளியூர்ப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்குப் போனது அப்படித்தான். வடக்கு ஆவணி மூல வீதியில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டும் மாட்டுத்தாவணிக்குப் போனது. பழைய இடத்தில் இன்று பல அடுக்கு வாகன நிறுத்தம் நிற்கிறது. கோயிலுக்கு எதிரே இருக்கும் பழைய சிற்ப மண்டபமான புதுமண்டபத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த தையல்காரர்களும் பாத்திரக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். மண்டபத்தின் சிற்பங்களுக்கு அது நல்லது, மறுக்க முடியாது. ஆனால் ஒரு தையல்காரருக்குக் கடை என்பது நான்கு சுவர் மட்டும் இல்லை. கோயிலுக்கு வந்தவர் அப்படியே நடந்து வந்து துணியைக் கொடுத்துவிட்டுப் போவார், அந்த நடைதான் அவருடைய வியாபாரம். புதுப்பித்தல் திட்டம் எழுதுகிறவர்கள் கட்டடத்தை அளக்கிற அதே அக்கறையோடு இந்த நடையையும் அளக்க வேண்டும். மாற்று இடம் தயாரான பிறகே பழைய இடத்தைக் காலி செய்யச் சொல்வது குறைந்தபட்ச நியாயம்.

காகிதத்தில் இருந்து தெருவுக்கு

வரைவு தயாரானதும் அதை அரசிதழில் அறிவித்து, மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு திருத்தி, அரசின் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வரும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் தெரு அளவில் நுணுக்கமாகப் போடுவதை விரிவு அபிவிருத்தித் திட்டம் என்பார்கள்.

அதன் பிறகு பணம். மாஸ்டர் பிளான் பட்ஜெட் இல்லை. அதில் ஒரு சாலை வரைந்திருப்பதால் மட்டும் சாலை வந்துவிடாது. சாலைக்கென்று ஒருவர் நிலத்தைக் குறித்துவைத்தால், அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கையை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்த நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. நில உரிமையாளரைக் காலகாலமாகத் தொங்கவிடக் கூடாது என்பதற்கான நியாயமான பாதுகாப்பு இது. ஆனால் கைவசம் பணம் இல்லாமல் வரைந்த சாலைகள் படத்தோடு நின்றுபோக இதுவே காரணமாகவும் ஆகிறது. மதுரை ரிங் ரோட்டுக்கு மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டியது, வாகனங்களிடம் சுங்கமும் வசூலித்தது. அந்தத் துணிச்சல் எல்லா வேலைக்கும் வராது. மற்றபடி ஸ்மார்ட் சிட்டி, அம்ரூத் போன்ற மத்திய, மாநிலத் திட்டங்களின் பணம் வரும்போதுதான் பல வேலைகள் நடக்கின்றன. மதுரை 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த பிறகே பெரியார் பேருந்து நிலையமும் வைகைக் கரைச் சாலைகளும் மாறின.

திட்டத்தை மெல்ல மெல்ல அரிக்கிற இன்னொன்று நில வகைப்பாடு மாற்றம். பச்சையில் இருக்கும் தன் நிலத்தை மஞ்சளாக்கித் தரும்படி உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். விவசாயம் கட்டுப்படியாகாதவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனால் பத்து வருடத்தில் படத்தில் ஒரு ஊரும் தரையில் வேறு ஊரும் இருக்கும். அந்த விண்ணப்பங்களுக்காக நாளிதழ்களில் சின்ன எழுத்தில் விளம்பரம் வரும், சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் போட்டு. அதை யாரும் படிப்பதில்லை.

நீங்கள் படியுங்கள். உங்கள் பகுதிக்கு வரைவுத் திட்டம் வந்தால் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் கிராம வரைபடத்தையும் வரைவின் வண்ணப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, மந்தை, மயானம் ஒவ்வொன்றும் இரண்டிலும் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். காணாமல் போனது எதுவோ அதன் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிலங்களைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் 'அ' பதிவேட்டில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று சரிபாருங்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஓடுகிற படம் கைப்பேசியில் இருந்தால் இன்னும் நல்லது. ஊரில் வயதானவர்களைக் கேட்டால் எந்த மடை எங்கே திறக்கும் என்று சொல்வார்கள், அதையும் எழுதுங்கள்.

மனுவில் "வளர்ச்சி வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. இந்த சர்வே எண், இந்த ஓடை, வரைவில் குடியிருப்பு என்று இருக்கிறது, நீர்நிலை என்று திருத்த வேண்டும் என்று ஒரு பத்தியில் எழுதினால், பதில் சொல்லியே ஆக வேண்டிய மனுவாக அது மாறும். கொடுத்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அதே விஷயத்தை அங்கேயும் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இரண்டு மாதம் முடிந்த பிறகு போனால், ஒரு மஞ்சள் கட்டத்தை மாற்ற நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.